டேப்லெட்டும் டெஸ்டரும் ஒரு ஸ்பாஞ்சுக் கிண்ணமும்

முந்தாநாள் சாயங்காலம் ஐந்தேகாலிலிருந்து ஆறே முக்கால் வரை அப்பா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் பழைய புத்தகங்கள் படிக்க டேப்லெட் வாங்கி இருபத்தாறு நாள் ஆகிறது. அதில் இதுதான் முதல் தடவை. எட்டிப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் பலகை, பலகையில் டேப்லெட், அதில் பக்கம் 118. வேலை முடிந்தது என்று அப்போதுதான் இந்த நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதியிருந்தால் "திரை பளிச், சத்தம் அருமை" என்று நாலு வரியோடு போயிருக்கும்.

அப்பாவுக்கு 74. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி லென்ஸ் வைத்தாகிவிட்டது. தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். பழைய பயண நூல்கள், ஊர் வரலாறுகள் என்றால் உயிர். அச்சில் கிடைக்காதவை தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் படப் பிரதிகளாக நிறையவே இருக்கின்றன. போனில் காட்டினேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். டேப்லெட் யோசனை அங்கே தொடங்கியது.

தீபாவளித் தள்ளுபடியில் 17,999 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று வாங்கினேன். 11 அங்குலத் திரை, 1920×1200 புள்ளிகள், 7040 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, 128 ஜி.பி. இடம், பின்பக்கம் உலோகம், எடை 480 கிராம். பெட்டிக்குள் டேப்லெட்டும் ஒரு சி-டைப் கேபிளும் மட்டும். சார்ஜர் கிடையாது. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

முதல் நாள் முழுக்க அப்டேட்டில் போனது. அதன் பிறகு நான் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்த கடை, விளையாட்டு, செய்திச் செயலிகளில் பதினொன்றை நீக்கினேன், நீக்க முடியாத ஆறை முடக்கினேன். பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்தேன். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன், அதோடு எந்த அமைப்பு எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாமல் போய்த் திரும்ப ஆங்கிலத்துக்கே வந்தேன். அப்பாவுக்கு எந்த மொழியாக இருந்தாலும் ஒன்றுதான், அவர் அமைப்புகள் பக்கம் போகப்போவதில்லை.

திரைக்குக் கண்ணாடி ஒட்டியது மட்டும் சொல்ல வேண்டிய விஷயம். 349 ரூபாய். தூசி விழாமல் ஒட்ட, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி அடங்கும் வரை ஐந்து நிமிஷம் காத்திருந்து, குளியலறைக்குள்ளேயே ஒட்டினேன். காற்றில் மிதக்கும் தூசியை ஆவி கீழே இறக்கிவிடுகிறது. ஒரே தடவையில் ஒரு குமிழிகூட இல்லாமல் உட்கார்ந்தது. இந்த ஒட்டலுக்காகப் பெருமைப்பட்டுக்கொண்டது இரண்டு வாரம்.

அடுத்தது புத்தகம். ஸ்கேலை வைத்துத் திரையை அளந்தேன்: அகலம் 14.8 செ.மீ., உயரம் 23.7 செ.மீ. டெம்மி ஒன்றுக்கு எட்டு அளவுப் புத்தகம் சுமாராக 14-க்கு 21.5. அதாவது ஒரு டெம்மி பக்கம் அப்படியே அசல் அளவில் திரையில் உட்கார்ந்துவிடும். கிரவுன் புத்தகம் அதைவிடச் சின்னது, 12 செ.மீ. சொச்சம் அகலம். அது தானாகவே ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகித் தெரியும். வெள்ளை ஓரங்களை வெட்டிவிட்டால் எழுத்து கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கணக்கு போட்டுப் பார்த்தபோது, இந்தத் திரையைத் தமிழ்ப் பதிப்பாளர் யாரோ உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தது போலத்தான் இருந்தது.

ஆனால் இறக்கிய பி.டி.எஃப். எதுவும் அப்படி ஒழுங்காக இல்லை. புத்தகத்தை விரித்துவைத்து எடுத்ததால் இரண்டு பக்கம் ஒரே படத்தில். சில பக்கம் சாய்வு. நடுவில் தையல் பள்ளத்தின் நிழல். அகல வாட்டில் டேப்லெட்டைப் படுக்கப் போட்டால் எழுத்து மறுபடியும் எறும்பாகிவிடும். வெட்டத்தான் வேண்டும்.

இதற்கு ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் கணினியில் இருக்கிறது. திசை திருப்புவது, பக்கம் பிரிப்பது, சாய்வை நேராக்குவது, எழுத்துப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது, ஓரம் வைப்பது, கடைசியாக வெளியீடு என்று ஆறு படி. முதல் ஐந்து படி அதுவே பெரும்பாலும் செய்துவிடுகிறது. 240 பக்கப் புத்தகத்தில் நான் கையால் திருத்தியது முப்பது பக்கம் இருக்கும். தடுமாறியதெல்லாம் ஆறாவது படியில்தான்.

முதல் முயற்சி: பழைய தாளின் பழுப்பு நிறம் போகக்கூடாது என்று ஆசை. வண்ணத்திலேயே, அது காட்டிய 600 டி.பி.ஐ.-யை (அங்குலத்துக்கு 600 புள்ளி) மாற்றாமல் வெளியிட்டேன். ஒரு புத்தகம் 1.4 ஜி.பி. ஆனது. டேப்லெட்டில் பக்கம் திருப்பினால் நாலு வினாடி சாம்பல் திரை, அப்புறம்தான் எழுத்து. அந்த நாலு வினாடிக்குள் அப்பா இன்னும் இரண்டு தடவை தட்டுவார். மூன்று பக்கம் தாண்டிப் போய் நிற்கும். "இவ்ளோ மெதுவா திரும்புறதுக்கு நான் புஸ்தகத்தையே தேடிப் போயிருப்பேனே" என்றார்.

இரண்டாம் முயற்சி: கறுப்பு வெள்ளை, 300 டி.பி.ஐ. கூடவே பொட்டு நீக்கும் வசதியைப் 'பலமாக' என்பதில் வைத்தேன். தாளில் இருந்த பூச்சிப் புள்ளி, மைக்கறை எல்லாம் போய்ப் பக்கம் பாலாகத் துடைத்த மாதிரி ஆனது. கோப்பும் எட்டு எம்.பி.தான். அம்மாவிடம் காட்டிப் பெருமையடித்துவிட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கூப்பாடு.

"டேய் தம்பி, இந்தப் புஸ்தகத்துல மெய்யெழுத்தே இல்லடா."

பார்த்தால், உண்மைதான். பூச்சிப் புள்ளியோடு சேர்த்து மெய்யெழுத்தின் தலைமேல் இருந்த புள்ளியையும் அது பொட்டென்று நினைத்துத் துடைத்திருக்கிறது. 'பட்டம்' என்பது 'படடம' ஆகியிருந்தது. மூலப் படமே 200 டி.பி.ஐ. ஸ்கேன், அதில் ஒரு புள்ளி என்பது குறுக்காக நாலைந்து பிக்சல். ஆங்கிலப் புத்தகத்தில் இப்படி ஆகியிருந்தால் i, j என்ற இரண்டு எழுத்தின் தலைப்பொட்டு போயிருக்கும், படிப்பவர் சமாளித்துக்கொள்வார். தமிழில் பாதி எழுத்துக்குத் தலையே அதுதான். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள், இடம் பார்த்துத்தான் மெய்யா உயிர்மெய்யா என்று படிக்க வேண்டும். எட்டு எம்.பி.-யில் ஒரு சுவடியைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். அப்பா அதையும் அரைப் பக்கம் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

மூன்றாம் முயற்சி: கறுப்பு வெள்ளை, 600 டி.பி.ஐ., பொட்டு நீக்கம் முழுவதுமாக நிறுத்தம். 14 எம்.பி. தாளில் அங்கங்கே அழுக்கு தெரிகிறது, புள்ளியும் தெரிகிறது, பக்கம் சட்டென்று திரும்புகிறது. பழுப்பு நிறத்துக்குத் திரையில் கண் காக்கும் மஞ்சள் ஒளியைப் போட்டுவிட்டேன், அது போதும் அவருக்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் காட்டிப் பார்த்தேன். "சினிமா டைட்டில் மாதிரி இருக்கு, வேணாம்." இதே முறையில் இதுவரை ஒன்பது புத்தகம். ஒன்றுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். பிராஜக்ட் மதுரை, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளங்களில் படமாக இல்லாமல் எழுத்தாகவே கிடைப்பவற்றுக்கு இந்த வேலை எதுவும் இல்லை, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். ஆனால் அப்பாவுக்குப் படப் பிரதிதான் பிடிக்கிறது. துதிக்கை வைத்த 'லை', 'னை' எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளிக்கூடம் முடித்தவர் அவர்.

புத்தகம் தயார். இப்போது விரல்.

நான் தட்டினால் பக்கம் திரும்புகிறது. அம்மா தட்டினால் திரும்புகிறது. அப்பா தட்டினால் மூன்றில் ஒரு தடவைதான் திரும்புகிறது. முப்பது வருஷம் கம்பியும் கயிறும் பிடித்த கை, விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது, போதாததற்கு வயசானதால் வறட்சி வேறு. தட்டியது பதியவில்லையென்றால் அவர் அழுத்துவார். அழுத்திப் பிடித்தால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் நீலக் கோடு வரும். நீலக் கோட்டை நீக்க இன்னும் அழுத்துவார். கடைசியில் எங்கேயோ போய் நிற்கும்.

நான் முதலில் செய்தது அவருக்குப் பாடம் நடத்தியது. "லேசா, பூ மாதிரி தொடுங்கப்பா." ஒரு வாரம் நடத்தினேன், பிரயோஜனம் இல்லை. பிறகு அமைப்புகளில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தை 'நீளம்' என்று மாற்றினேன். நீலக் கோடு வருவது பாதியாகக் குறைந்தது. வாசிப்புச் செயலியைத் திரையிலேயே 'பின்' (pin) செய்து வைத்தேன், அதனால் தவறி வெளியே போவது நின்றது. இந்த இரண்டையும் முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் பதியாத தட்டல் பதியாமலேதான் இருந்தது. 150 ரூபாய்க்கு ரப்பர் முனைப் பேனா ஒன்று வாங்கினேன். அது நன்றாக வேலை செய்தது. அவர்தான் அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடினார்.

ஒருநாள் பார்க்கிறேன், அப்பா ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுவிட்டுத் திரையைத் தட்டுகிறார். அறுபது வருஷப் பழக்கம், புத்தகப் பக்கம் திருப்புவது போலவே. எச்சில் படுகிறதே என்று அதட்ட வாய் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் பக்கம் திரும்பியது. அடுத்த பக்கமும் திரும்பியது. ஈர விரல் என்றால் திரைக்குத் தெரிகிறது, காய்ந்த விரல் தெரியவில்லை. அவ்வளவுதான் சங்கதி. பத்துத் தட்டலுக்கு எத்தனை பதிகிறது என்று எண்ணினேன்: காய்ந்த விரலில் மூன்று, நாக்கில் தொட்ட விரலில் ஒன்பது.

நாக்குக்குப் பதில் என்ன என்று யோசித்தபோது வங்கிக் காசாளர் மேஜை ஞாபகம் வந்தது. நோட்டு எண்ண ஈர ஸ்பாஞ்சு வைத்த வட்டக் கிண்ணம். ஸ்டேஷனரிக் கடையில் 30 ரூபாய். முதல் நாள் ஸ்பாஞ்சு நிறையத் தண்ணீர் விட்டுவிட்டேன், திரையில் துளி நின்றது, துளி நின்ற இடத்தையும் விரலென்று நினைத்து அது குழம்பியது. பிழிந்து, வெறும் ஈரப்பதம் மட்டும் இருக்கும்படி வைத்தால் சரி. காலையில் ஒரு தடவை அம்மா நனைத்துப் பிழிந்து வைத்துவிடுகிறார். இருபத்திரண்டாயிரம் ரூபாய்ச் செலவில் முழுசாகப் பலன் கொடுத்தது இந்த முப்பது ரூபாய்தான் என்பேன்.

இதே வாரத்தில் பலகையும் தயாரானது. டேப்லெட்டோடு 799 ரூபாய்க்கு மடக்கு உறை ஒன்று வாங்கியிருந்தேன். மேஜையில் வைத்தால் நிற்கிறது. அப்பா மேஜையில் படிக்கிறவர் இல்லை, சாய்வு நாற்காலிக்காரர். மடியில் வைத்தால் உறையோடு முக்கால் கிலோவுக்கு மேல், வழுக்கிக்கொண்டே போகிறது.

நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் வெளி அளவு 58 செ.மீ. மரம் அறுக்கும் மில்லில் 66 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், முக்கால் அங்குலத் தடிமனில் ஒரு வேப்பம்பலகைத் துண்டும் கொஞ்சம் ரீப்பரும் சேர்த்து 220 ரூபாய். பலகையின் அடியில், நாற்காலிக் கைகளைக் கவ்விப் பிடிக்கும்படி இரண்டு ரீப்பர் துண்டை ஃபெவிகாலும் திருகாணியும் வைத்துப் பிடித்தேன். மேலே டேப்லெட் உட்கார ஒரு விளிம்பு, பின்னால் சாய ஒரு முட்டு. எமரி ஷீட் 120-இல் ஒரு சுற்று, 220-இல் ஒரு சுற்று. வார்னிஷ் அடிக்கவில்லை, வேப்ப வாசனை அப்பாவுக்குப் பிடிக்கும்.

இரண்டு தப்பு செய்தேன். சாய்வை 75 பாகைக்கு வைத்தேன், ஸ்கூல் பாகைமானியால் அளந்தே. படிக்க உட்கார்ந்ததும் கூடத்து டியூப்லைட் அப்படியே திரையின் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்தது. முட்டைப் பிரித்து 60-க்குக் கொண்டுவந்த பிறகு கோடு நெற்றிக்கு மேலே போனது. இன்னொன்று தூரம். விளிம்பைப் பலகையின் முன் ஓரத்தில் வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது. கண்ணிலிருந்து திரைக்கு 52 செ.மீ. வந்தது. அப்பாவின் படிக்கும் கண்ணாடி பிளஸ் 2.5. அதில் 40 செ.மீ. தூரத்தில்தான் எழுத்து தெளிவு. கண்ணுக்குள் வைத்த லென்ஸோ தானாகக் குவிந்து கொடுக்காது. அவர் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டே படித்திருக்கிறார், மூன்று நாள். சொல்லவும் இல்லை. அம்மாதான் "தைலம் தேய்ச்சுவிடச் சொல்றார், என்னன்னு பாரு" என்றார். விளிம்பை உளியால் பெயர்த்து அப்பா பக்கமாக நகர்த்தியதில் பலகையில் ஒரு வடு இருக்கிறது. டேப் வைத்து முதலில் கண்ணிலிருந்து அளந்திருந்தால் அந்த வடு இல்லை.

இனி, அந்தச் சார்ஜர்.

மூன்றாவது வார ஆரம்பத்தில் ஒரு மாலை. "தம்பி, இங்க வா. இது தானா ஓடுது." போய்ப் பார்த்தால் யாரும் தொடாமல் பக்கம் 47-இலிருந்து 63-க்குத் தாவுகிறது. எழுத்து திடீரென்று பெரிதாகிறது, சுருங்குகிறது. நடுவில் யாரோ கண்ணுக்குத் தெரியாத பத்து விரலால் தட்டுவது போல. அம்மா எட்டிப் பார்த்து, "செத்துப்போனவங்க எழுதினதையெல்லாம் ஏத்தி வச்சா வேற என்ன நடக்கும்" என்றார்.

நான் சந்தேகப்பட்ட வரிசை இது. முதலில் ஸ்பாஞ்சு ஈரம். துடைத்துக் காய வைத்தேன், போகவில்லை. அடுத்தது ஒட்டிய கண்ணாடி. அவ்வளவு அழகாக ஒட்டியதை நகத்தால் நெம்பி எடுத்தேன், உடைந்தது, 349 போனது. பேய் போகவில்லை. (ஒரே லாபம், கண்ணாடி போனதும் அப்பாவின் காய்ந்த விரலில் பத்துக்கு மூன்று என்பது ஐந்தானது. இதை யாரும் கடையில் சொல்லவில்லை.) அடுத்து மென்பொருள் என்று முடிவு கட்டி, மொத்தமாக அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோனேன். புத்தகங்கள் மெமரி கார்டில் இருந்ததால் தப்பின. அப்பா எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்ற குறிகள் எல்லாம் போயின. அரை நாள் வேலை. பேய் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் எப்போதும் வருவதில்லை. காலையில் வராது, சாயங்காலம் வரும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் அவர்கள் மேஜையில் ஒழுங்காக வேலை செய்யும், எனக்கு இந்த அனுபவம் மிக்ஸியில் உண்டு.

ஐப்பசி மழை. ஒரு நாள் ஆறு மணிக்கு இடியோடு கரண்ட் போனது. கூடத்து ஃபேனும் டியூப்லைட்டும் இன்வெர்ட்டரில் ஓடும், நாற்காலி பக்கத்து பிளக் அதில் சேராது. அப்பா நிறுத்தாமல் படித்துக்கொண்டிருந்தார். "எங்கயோ கெளை விழுந்திருக்கும், பசங்க பாவம், இந்த மழையில ஏறணும்" என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வந்த மறு நிமிஷம் பக்கம் தாவியது. அப்பா டேப்லெட்டைப் பார்க்கவில்லை, பிளக்கைப் பார்த்தார்.

"கரண்டு இல்லாதப்ப ஒழுங்கா இருந்துச்சு. வந்ததும் ஆடுது. இதுல என்னடா பேயி?"

எழுந்து போய் அலமாரியிலிருந்து டெஸ்டரைக் கொண்டுவந்தார். மஞ்சள் பிடி, அவர் வேலையில் இருந்த காலத்தது. சார்ஜில் இருக்கும் டேப்லெட்டின் பின்பக்க உலோகத்தில் நுனியை வைத்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். டெஸ்டருக்குள் நியான் லேசாக ஆரஞ்சு நிறத்தில் முனகியது. "பின்கையால தடவிப் பாரு. முன்கையால தொடாத, எதையும்." தடவினேன். உலோகம் வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று அதிர்வது போல இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தடவினால் வழவழ.

அந்தச் சார்ஜர் நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 250 ரூபாய்க்கு வாங்கியது. மேலே '25 வாட்' என்று அச்சடித்திருந்தது. இரண்டு முள் பிளக். அப்பா கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லடா" என்றார். சமையலறைத் தராசில் வைத்தோம், 31 கிராம். 480 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. மீட்டர் வாங்கி நடுவில் செருகினேன். 5 வோல்ட், 1.1 ஆம்பியர். ஐந்தரை வாட். டேப்லெட் 15 வாட் வரை எடுக்கக்கூடியது. காலியிலிருந்து ஏற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதற்குக் காரணமும் இதுதான். அதனால்தான் சாயங்காலம் அப்பா படிக்கும் நேரத்திலும் அது சார்ஜிலேயே கிடந்தது, அதனால்தான் பேய் சாயங்காலம் மட்டும் வந்தது. எல்லாம் ஒரே முடிச்சு. கசிவு மின்சாரம் உலோக உடம்பில் ஏறி நிற்கும்போது திரைக்கு எது விரல், எது இரைச்சல் என்று தெரியவில்லை.

1,199 ரூபாய்க்கு நல்ல சார்ஜர் வாங்கினேன். மேலே பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைப்பு) முத்திரை, அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண். எடை 58 கிராம். மீட்டரில் 9 வோல்ட், 1.6 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது, முழுசாக ஏற. டெஸ்டரை வைத்தால் இருட்டில் உற்றுப் பார்த்தால்தான் ஒரு பொட்டு தெரிகிறது. அது எல்லா இரண்டு முள் சார்ஜரிலும் கொஞ்சம் இருக்கும் என்றார் அப்பா. சார்ஜில் போட்டபடியே ஒரு மணி நேரம் படிக்கச் சொன்னேன். ஒரு தாவல் இல்லை. இருந்தாலும் இப்போது காலையில் போட்டு எடுத்துவிடுகிறோம். சாயங்காலம் கேபிள் இல்லாமல் படிக்கிறார்.

பழைய சார்ஜரை ஒரு நாள் முழுக்கத் தனியாகக் கிடத்திவிட்டு, மறுநாள் அப்பா ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். நகம் அளவு டிரான்ஸ்பார்மர், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு சின்ன ஐ.சி., மீதி காற்று. அதைப் பாதியாகப் பிளந்தபடியே ஜன்னல் திண்ணையில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

செலவுக் கணக்கு: டேப்லெட் 17,999, உறை 799, கண்ணாடி 349, மெமரி கார்டு 549, கெட்ட சார்ஜர் 250, நல்ல சார்ஜர் 1,199, மீட்டர் 480, பேனா 150, ஸ்பாஞ்சுக் கிண்ணம் 30, பலகைக்கு எல்லாம் சேர்த்து 320, கண்ணாடிக்குப் பதில் பிறகு ஒட்டிய மங்கல் தாள் 299. ஆகமொத்தம் 22,424. இதில் கண்ணாடி, பேனா, கெட்ட சார்ஜர் மூன்றும் சேர்த்து 749 தண்டம். மங்கல் தாள் டியூப்லைட் வெளிச்சத்தை இன்னும் அடக்குகிறது, ஆனால் எழுத்து விளிம்பு துளி கலங்குகிறது. அப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது, ஆகவே இருக்கட்டும்.

இன்னொரு முறை வாங்கினால் டேப்லெட்டோடு சேர்த்தே சார்ஜரையும் அதே மேஜையில் வாங்குவேன். கண்ணாடியே ஒட்ட மாட்டேன். சதுரத்துக்குப் பக்கமாக இருக்கும் நாலுக்கு மூன்று திரை தேடுவேனா என்றால், முன்பு ஆம் என்றிருப்பேன். டெம்மி பக்கத்தை இதில் பார்த்த பிறகு இதையேதான் எடுப்பேன். பி.டி.எஃப். வேலையில் மட்டும் முதல் பத்துப் பக்கத்தை வெளியிட்டு அப்பாவிடம் காட்டிய பிறகே மீதியை ஓட்டுவேன். 240 பக்கம் புள்ளியில்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

பலகையில் ஒரு வேலை பாக்கி. அப்பா காபி டம்ளரை அதன்மேல், டேப்லெட்டுக்கு வலப்பக்கம் வைக்க ஆரம்பித்துவிட்டார். வார்னிஷ் இல்லாத பலகையில் நாலு வட்டக் கறை. சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆள் இல்லை. டவராவின் அடி 7.5 செ.மீ., பலகையின் வலது ஓரத்தில் 11 செ.மீ. இடம் இருக்கிறது. தெருமுனை ஆசாரியிடம் வட்டமாக ஓட்டை போடும் ஹோல் சா இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கொண்டுவரச் சொன்னார்.